பிளேட் அங்கிளும் அப்பாவின் சிரிப்பும்

தொம்மலூரில் எங்கள் தெருவில் பிளேட் அங்கிளின் அனுமதி இல்லாமல் யாரும் சிரித்துவிட முடியாது. ரேஷன் கடையில் வரிசையை மீறிப் போய்க்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். அவருடைய ரெக்கார்ட் பிளேயருக்கு முன்னால் உட்கார்ந்து, ஜோக் வருவதற்குள் சிரித்துவிட்டு யாரும் தப்பித்ததில்லை. ஊசியைத் தூக்குவார். சிரித்தவரை ஒரு பார்வை பார்ப்பார்.

"ஜோக் இன்னும் வரல. வந்தப்புறம் சிரிங்க."

பிறகு பிளேட்டை முதலிலிருந்து போடுவார்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். எங்கள் வீட்டு மாடியில் குடித்தனம். சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் கிடைத்த ஒரு பெட்டி இசைத்தட்டுகள்தான் அவருடைய ஆஸ்தி. அதில் பக்திப் பாட்டு கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. எல்லாமே கேலி. ரவா உப்புமாவின் அவதார மகிமையைக் கதாகாலட்சேபமாகச் சொல்லும் பிளேட் ஒன்று. மாமியார் மருமகள் சண்டையைக் கிரிக்கெட் வர்ணனையாக விவரிப்பது ஒன்று. ஸ்வரம் பாட வேண்டிய இடத்திலெல்லாம் தும்மும் பாகவதரின் கச்சேரி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஸ்பீக்கரை ஜன்னலில் தெருவைப் பார்த்து வைப்பார். தெரு கேட்கும். அவர் கேட்கமாட்டார். கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஊசி போட்டுவிட்டு நோயாளிக்கு மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் டாக்டரைப் போல. தான் மட்டும் சிரிக்கவே மாட்டார்.

பெண் பார்க்கத் தங்கவயலுக்குப் போனபோதும் ரெக்கார்ட் பிளேயரைத் தூக்கிக்கொண்டுதான் போனாராம். எங்கே சிரிக்கிறாள், எப்போது சிரிக்கிறாள் என்று பார்க்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது என்பது அவர் கேள்வி. ஸ்டெல்லா ஆன்ட்டி சரியான இடத்தில் சிரித்ததால் கல்யாணம் நிச்சயமானது என்று அவர் சொல்லிக்கொள்வார். ஆன்ட்டியிடம் கேட்டால் வேறு கதை வரும்.

"பிளேட்டுக்கு யார் சிரிச்சா? பொண்ணு பாக்க வந்தவரு எங்க வீட்டு பிளக்குல ஒயர சொருக முடியாம தரையில படுத்துக்கினு இருந்தாரு. அத பாத்து சிரிச்சேன்."

அந்தப் பெட்டியில் ஒரு பிளேட்டில் கீறல். விருந்து வீட்டுக்காரர் ஒருவர், "உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உபசரிக்கும் இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரு ஞாயிறு அங்கிள் குளிக்கப் போன நேரம் பார்த்து மாட்டிக்கொண்டது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் கோயில் நன்கொடைக்கு வந்த இரண்டு பேரும், ஊதுபத்தி விற்பவரும் மாடியேறி வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிட்டவர் யார் என்ற விசாரணையெல்லாம் எதற்கு என்று ஸ்டெல்லா ஆன்ட்டி உப்புமா கிளறிப் போட்டார்.

பிளேட்டில் கேட்டது போதாதென்று அங்கிள் சொந்தமாகவும் பாட்டுக் கட்டுவார். தெருக் குழாயில் தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தைத் தட்டிக்கொண்டு ஒரு காதல் பாட்டு மெட்டில் பாடுவார்.

"காவேரிக் கண்மணியே, குழாயில் வருவாயா,
காற்றை மட்டும் அனுப்பிவைத்துக் கழுத்தை அறுப்பாயா..."

இப்படித் தெரு முழுவதையும் ஜெயித்த மனிதருக்கு ஒரே ஒரு தோல்வி. அது எங்கள் அப்பா.

அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் தலைவர். அவர் முகமே முத்திரை குத்தி, கையெழுத்தாகி வந்தது போல இருக்கும். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில் சிரித்திருக்கிறாரே என்று அம்மாவைக் கேட்டதற்கு, மாலை கழுத்தில் குத்தியது என்றாள்.

குடிவந்த புதிதில் அங்கிள் அப்பாவை மாடிக்கு அழைத்து ஒரு பிளேட் போட்டிருக்கிறார். பெட்டியிலேயே உயர்ந்த சரக்கு அதுதான். ஒரு பேச்சாளர் கடைத் திறப்பு விழாவுக்குக் கிளம்பி, தவறுதலாகப் பக்கத்தில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் நுழைந்து மைக்கைப் பிடித்துவிடுவார். "அன்னாருக்கு இந்த ஒரு இடம் போதாது, தெருவுக்குத் தெரு கிளைகள் திறக்கப்பட வேண்டும்" என்று முழங்குவார். இந்த இடத்தில் சிரிக்காத மனிதர் தொம்மலூரில் பிறந்ததில்லை என்பது அங்கிளின் நம்பிக்கை.

அப்பா முழுவதும் கேட்டார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்.

"திறப்பு விழாவுக்குப் போறவர் அழைப்பிதழ்ல அட்ரஸ் பாக்க மாட்டாரா?"

"அதான் சார் ஜோக்கு."

"இல்ல, வாசல்லயே தெரிஞ்சிருக்குமே. கடைன்னா தோரணம் கட்டியிருப்பாங்க."

சொல்லிவிட்டு அப்பா கீழே இறங்கி வந்து மோட்டார் சுவிட்சை அணைத்தார். அங்கிள் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று ஸ்டெல்லா ஆன்ட்டி வந்து சொன்னார்.

அன்று ஆரம்பித்தது படையெடுப்பு. அப்பா ஷேவ் செய்யும்போது மாடியில் உப்புமா காலட்சேபம் ஓடும். செடிக்குத் தண்ணீர் விடும்போது தும்மல் கச்சேரி. அலுவலகம் கிளம்பி செருப்பு மாட்டும் நேரத்தில் தெருவுக்குத் தெரு கிளைகள். அங்கிள் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சில வருஷங்கள் இது நடந்தது. அப்பாவின் உதடு அசையவில்லை. ஆனால் அந்தச் சொற்பொழிவு முழுவதும் அவருக்கே தெரியாமல் உள்ளே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. அதுதான் வினையாகிவிட்டது.

அப்பா அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த மூத்த அதிகாரி ஒருவர் காலமானார். இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை, ஊதுபத்தி, முன் வரிசையில் அவர் குடும்பம். புதிதாக வந்திருந்த மேலதிகாரி எழுந்து கன்னடத்தில் உருக்கமாகப் பேசினார். இவரைப் போல ஒவ்வோர் இலாகாவிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்.

அப்பாவின் மண்டைக்குள் ஊசி இறங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு கிளைகள்.

முதலில் இருமல் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். வாழ்நாளில் சிரித்துப் பழகாத மனிதர். எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. நான்கு நாள் தண்ணீர் வராத குழாயில் முதலில் காற்று புஸ்ஸென்று வந்து, பிறகு துப்பித் துப்பி, பிறகு கொட்டுமே, அப்படிக் கொட்டியிருக்கிறது. கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். நடைபாதையில் நின்று சிரித்தது மண்டபத்துக்குள் இன்னும் தெளிவாகக் கேட்டதாம்.

வாரம் முடிவதற்குள் பீதருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பீதர் என்றால் கர்நாடக வரைபடத்தின் உச்சந்தலை. அதற்கு மேல் மாற்றுவதென்றால் வேறு மாநிலத்துக்குத்தான் மாற்ற வேண்டும்.

அம்மா அழுதாள். எனக்கு அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர் அவ்வளவு தூரத்தில் தனியாக என்ன செய்வார் என்று வீடு இரண்டுபட்டது. அங்கிள் மாடியிலிருந்து இறங்கி வந்து கூடத்தில் நின்றார்.

"சார், என்னாலதான் சார் எல்லாம். ஞாயித்துக்கெழம ஒங்க ஆபீசரு வூட்டுக்குப் போலாம். நானே சொல்றேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அப்பா. "நீங்க சும்மா இருந்தா போதும்."

ஆனால் ஞாயிறன்று அப்பா ஸ்கூட்டரில் ஏறும்போது அங்கிள் பின்சீட்டில் இருந்தார். மடியில் ரெக்கார்ட் பிளேயர்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அப்பா தன் பிற்காலத்தில் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறார். மேலதிகாரி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அங்கிள் அவர் முன்னால் இருந்த டீப்பாயில் பெட்டியை வைத்தார்.

"ஏன்ரீ இது?" என்றார் அதிகாரி. என்ன இது என்று அர்த்தம்.

"இதுதான் சார் குற்றவாளி" என்று அங்கிள் தங்கவயல் கன்னடத்தில் சொன்னார். "இவர் நிரபராதி. ஒரு தடவ கேளுங்க, உங்களுக்கே புரியும்."

"நனகெ தமிளு பரல்லா" என்றார் அதிகாரி. தனக்குத் தமிழ் வராது என்று அவர் சொன்னதையே அங்கிள் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஒரு வரி ஓடவிடுவார், ஊசியைத் தூக்குவார், கன்னடத்தில் மொழிபெயர்ப்பார். மறுபடி ஒரு வரி. கிளைகள் என்ற இடம் வந்தது. கிளைக் கடைக்குக் கன்னடத்தில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார். இறந்துபோனவருக்குத் தெருவுக்குத் தெரு கொம்பு முளைக்க வேண்டும் என்று அர்த்தம் வந்துவிட்டது.

அதிகாரி பேப்பரை மடித்து வைத்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அங்கிள் ஆடிப்போய் அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவால் தவறான மொழிபெயர்ப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது. உத்தியோக தர்மம். எழுந்து நின்று, நல்ல கன்னடத்தில் திருத்தினார். கொம்பு இல்லை சார், ஷாகே. கடையின் கிளை. அதாவது, இவர் போக வேண்டியது கடைத் திறப்பு விழாவுக்கு. அட்ரஸ் பார்க்கவில்லை. வாசலில் தோரணம் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. அதனால் காலமானவரைக் கடை என்று...

அதற்கு மேல் போக முடியவில்லை. குழாய் மறுபடி திறந்துகொண்டது. மேலதிகாரிக்கு முன்னால், அவர் வீட்டு வராந்தாவில், அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அங்கிள் வந்த காரியத்தை மறந்துவிட்டார். இத்தனை வருஷம் காத்திருந்தது அவர் கண் முன்னால் நடக்கிறது. "சிரிச்சிட்டாரு சார், சிரிச்சிட்டாரு" என்று அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, எங்கள் தெருவே பார்த்திராத காரியம், அவரும் சிரித்தார். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்திருக்கிறார். அதிகாரியின் மனைவி உள்ளேயிருந்து வந்து, விஷயம் எதுவும் தெரியாமல், இவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே ஊரில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் உத்தரவைத் திருத்தினார். பீதர் இல்லை, தும்கூர். காலையில் ரயிலேறினால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதிகாரி இரக்கப்பட்டாரா, அவர் மனைவி சொன்னாரா, இந்த ஆசாமியோடு தூரத்து அலுவலகத்தின் பெயரையும் கெடுப்பானேன் என்று நினைத்தாரா, தெரியாது. அம்மா அங்கிள் வீட்டுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள். ஜன்னலில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது என்று கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியனுப்பினாள்.

தினமும் விடிகாலையில் அங்கிள்தான் அப்பாவை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார். ரயில் நேரத்தைவிட வெகு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். ஏன் என்று அம்மா கேட்டதில்லை.

லேட்டாகச் சிரிக்கக் கற்றவர்கள் ஆபத்தானவர்கள். அதன் பிறகு அப்பா எதற்கு வேண்டுமானாலும் சிரித்தார். சீமந்தத்தில் சிரித்தார், சத்தியநாராயண பூஜையில் சிரித்தார். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவரும் அங்கிளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லா ஆன்ட்டியை நடுவில் உட்கார வைத்தோம்.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தொம்மலூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கிள் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் ஃபிளாட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். பிளேட் பெட்டி ஏதோ ஒரு வீடு மாற்றலில் உடைந்துபோய்விட்டதாம். அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமில்லை. இப்போது வேறு தொழில். அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் குரலில் பேசி வாட்ஸ்அப்பில் போடுகிறார். "மரியாதைக்குரிய குடியிருப்போரே, இன்று லிஃப்ட் ஓய்வெடுக்கும், படிகள் வழக்கம்போல் வேலை செய்யும்." உண்மையென்று நம்பிப் பாதிப் பேர் படியேறியதால், குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டெல்லா ஆன்ட்டி டீ போட்டார். செயலாளர், வாட்ச்மேன், மூன்றாவது மாடியில் நாய் வளர்க்கும் அம்மாள், அந்த நாய் என்று வரிசையாக எல்லார் குரலிலும் அங்கிள் பேசிக் காட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் ஆன என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது, பின்னால் சோபாவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அதே கறார், அதே தொண்டைக் கனைப்பு.

"மழை வரும் போலிருக்கு. குடை எடுத்துண்டியா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கிள்தான் இருப்பார் என்று தெரியும்.

"எடுத்துண்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன்.