கார்டை நிமிர்த்தின கதை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பேனாவைத் தொட்டால் பேனாவுக்குத்தான் அசிங்கம். ஆனால் நான் எழுதாவிட்டால், குணா ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்தியலைக் கூடுதலாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

சாரம் என்கிற எங்கள் ஊரில் குணா வீடும் என் வீடும் ஒரே தெரு. அவனுடைய பழைய ஜீப்பின் சாவியைச் சொந்தத் தம்பிக்குக்கூடத் தரமாட்டான். எனக்கு மட்டும் தருவான். (நான் நல்லா கழுவுவேன், அவ்ளோதான்.) அன்றைக்கும் கழுவத்தான் தந்தான்.

"மணல்ல மட்டும் எறக்குன, அதோட சாவிய மறந்துடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்கிறார்களே, எப்படித்தான் இழுக்கும்? பிள்ளைச்சாவடி கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். நன்றாகவே இழுத்தது. கடல் அரிப்புக்குக் கொட்டியிருந்த கருங்கல் மேலேயே கொண்டுபோய் விட்டது. அடியில் ஒரு 'டங்'. திரும்பும் வழியெல்லாம் 'உர்ர்ர்'.

வாசலில் நிறுத்தி, சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். என்ஜின் ஆயில் இருக்கும் சேம்பரில் கல் இடிக்காமலிருக்க அடியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. சேம்பர் கார்டு என்போம். அது உள்ளே நசுங்கி, சேம்பரை உரசிக்கொண்டிருந்தது. நேராகத் தட்டாஞ்சாவடி பட்டறைக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தகட்டுக்கு மேலே என்னதான் இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

நாலு போல்ட்டு. மூன்று சமர்த்தாக வந்தன. நாலாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். காய்ந்த சேறு, மணல், பாதிக் கொட்டாங்குச்சி, ஒற்றைச் செருப்பு, கடைசியாகத் தகடு, எல்லாம் என் நெஞ்சில் இறங்கின. (அண்ணாந்து பாக்கும்போது வாய மூடிக்கணும். யாரும் சொல்லித் தரல.)

தகட்டைக் குப்புறப் போட்டுச் சுத்தியலால் வெளுத்தேன். பள்ளம் மேடானது. மேட்டை அடித்தால் ஓரம் எழுந்தது. ஓரத்தை அடித்தால் ஓட்டைகள் இடம் மாறிவிட்டன. ஒரு போல்ட்டை மாட்டினால் மற்ற மூன்றும் வேறு ஊரில் நின்றன. அந்த நேரம் பார்த்துக் குணாவிடமிருந்து போன்.

"மச்சி, கார்டு எங்கடா?"

பிள்ளைச்சாவடியில் எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான் என்று முடிவு பண்ணி, ஒத்துக்கொண்டேன்.

"கழட்டிட்டேன் மச்சான்."

"கழட்டினியா? எதுக்குடா?"

"வளைஞ்சிருந்துச்சு. சுத்தியால அடிச்சு நிமித்தினு இருக்கேன்."



"டேய், இன்சூரன்ஸ்காரரு கேக்கறாருன்னு ஆர்.சி. கார்டக் கேட்டேன்டா. அத ஏன்டா சுத்தியால அடிச்ச?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

"ஐயோ, அது பத்திரமா இருக்கு மச்சான்! நான் சொன்னது சேம்பர் கார்டு. கல்லுல மோதுச்சே, அது!"

"எந்தக் கல்லு?"

பட்டறைக்காரர் தகட்டைச் சூடுபண்ணி நேராக்கி, ஓட்டைகளைக் கொஞ்சம் நீளமாக அறுத்து மாட்டிக் கொடுத்தார். 'உர்ர்' போய்விட்டது. சாவியும் போய்விட்டது. இப்போது குணா வீட்டில் ரேஷன் கார்டு காணோமென்றால்கூட அவன் அம்மா என்னைத்தான் பார்ப்பார்: "தம்பி, நீ எதையும் நிமித்தலியே?"

இதை எழுதி முடித்ததும் அவனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் ஒத்துக்கினு எழுதிட்டேன் மச்சான். இப்பவாவது சாவி தருவியா?"

"ஒரு கார்டுல எழுதி அனுப்பு, நிமித்திப் படிச்சிட்டுச் சொல்றேன்."