காலை உணவுக்கு முப்பத்தொரு புகார்கள்

பெக்வித் மாணவர் விடுதி,
காப்பாளர் அறை.
வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை காட்ஃப்ரி பிம் அவர்களுக்கு,

மைத்துனன் மால்கம் தோர்ன்லி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்; உங்களுக்கு எப்போதும் அப்படித்தான் அமைகிறது. என் தங்கை ரோவினாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் ரோஜாச் செடிகளைப் பற்றி விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன்.

உங்கள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கான அழைப்பு செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னால் வர இயலாது. காரணம் இரண்டு. முதல் காரணம் உங்களுக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன் உங்கள் மகள் இமோஜென் திருமண விருந்தில், அவளுடைய ஒரே தாய்மாமனாகிய என்னைப் பதினோராம் மேஜையில், புகைப்படக்காரருக்கும் ஒலிபெருக்கி வாடகைக்காரருக்கும் நடுவில் உட்கார வைத்தீர்கள். இருக்கைப் பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருந்தது. எனக்கு ஆட்டிறைச்சி வருவதற்குள் புகைப்படக்காரர் படம் எடுக்க எழுந்து போய்விட்டார். ஒலிபெருக்கிக்காரர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "ஒயரை மிதிக்காதீங்க சார்" என்பது. அன்றிலிருந்து உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்று காலை பதினொரு மணிக்கு நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வருடம் முழுக்க இந்த விடுதியில் நான் கட்டி மேய்க்கும் மாணவர்கள் கோடையில் ஊருக்குப் போன பிறகாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருக்கும். இந்த ஜூலையில் பல்கலைக்கழகம் அதையும் பறித்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேரை இரண்டு வாரம் இங்கேயே தங்கவைத்து உளவியலுக்கு ஓர் அறிமுகம் கொடுக்கப் போகிறார்களாம். நடத்துபவர் டாக்டர் பெர்னெல். முப்பது வருடத்துக்கு முன் இதே துறையில் ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு நானும் அவரும் நேர்காணலுக்குப் போனோம். உளவியலில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். இடம் கிடைத்தது அவருக்கு. இன்று அவர் பாடம் நடத்துகிறார், நான் சலவை அறைச் சாவி கொடுக்கிறேன். இதைப் பற்றி மேலும் எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேரில் கேட்டால் சொல்வேன்.

முதல் நாள் காலை ஏழேகால் மணிக்கே யாரோ டோஸ்ட்டைக் கருக்கி, தீ எச்சரிக்கை மணி அலறி, இருபத்து நான்கு பிள்ளைகளும் இரவு உடையோடு புல்வெளியில் நின்று, தீயணைப்பு வண்டி வரும் வரை ஒருவர் பயத்தை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், இரண்டாம் நாள் மின்தூக்கியில் ஏறினால் ஆறு பேர் கதவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள், எனக்கும் என்னவோ போலிருக்க நானும் திரும்பி நின்றேன், மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் வெளியே ஒரு பெண் கைதட்டி, "திரும்பிட்டாரு! இருபதே செகண்ட்!" என்று குறித்துக்கொண்டாள், நாலாம் நாள் பிஸ்கட்டுக்கு முன் மணியடித்துப் பழக்கிவிட்டு ஐந்தாம் நாள் மணியை மட்டும் அடித்தார்கள், டாக்டர் பெர்னெல் மேஜைக்கு அடியில் குனிந்து பிஸ்கட்டைத் தேடினார். அந்த ஒரு நாளை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கிடையே காலைச் சாப்பாட்டு மேஜையில் ஃபின்லே என்ற பையன் தினமும் என் எதிரில் உட்கார்ந்து, விமானத்தில் ஆட்களை எண்ணப் பயன்படுத்துவார்களே, அந்தக் கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு டிக், டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தான். "அந்தச் சத்தத்தை நிறுத்துறியா, தம்பி? சாப்பிடவே முடியல" என்றேன். அவன் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி ஒரு டிக். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது.

இன்று பிள்ளைகள் தங்கள் ஆய்வுகளைப் படித்துக் காட்டும் நாள். பெற்றோர்கள் வந்திருந்தார்கள். நாற்காலி போட்டவன் என்ற முறையில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். நெரிஸ் என்று ஒரு வேல்ஸ் நாட்டுப் பெண், பதினாறு வயது, முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் ஃபின்லே. சுவரில் ஒரு பெரிய அட்டை: "புன்னகை புகாரைக் குறைக்குமா?" கீழே ஒரு வரைபடம், சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. சிவப்புக்குப் பக்கத்தில் "பங்கேற்பாளர் அ: பெண், 61, சமையலறை" என்று இருந்தது. அது எங்கள் சமையல்காரி மிஸஸ் ஆக்ராய்ட் அல்லாமல் வேறு யார்? நீலத்துக்குப் பக்கத்தில்: "பங்கேற்பாளர் ஆ: ஆண், 54, விடுதிப் பணி, கோடையிலும் ஸ்வெட்டர்."

பெயரை மறைத்திருக்கிறார்களாம். வந்திருந்த நாற்பது பெற்றோரும் திரும்பி என் ஸ்வெட்டரைப் பார்த்தார்கள்.

நீலக் கோடு முதல் நாள் முப்பத்தொன்றில் தொடங்குகிறது. ஒரு காலை உணவுக்கு முப்பத்தொரு புகார்கள்! எட்டு நாள் அங்கேயே நேராக ஓடுகிறது. ஒன்பதாம் நாள் கிணற்றில் விழுந்த வாளிபோல் சரிந்து, நேற்றுக் காலை நாலில் வந்து நிற்கிறது. இதுபோதாதென்று, என் புகார்களை வகைபிரித்து வேறு வைத்திருந்தார்கள். வானிலை ஆறு சதவீதம், டோஸ்ட் ஒன்பது, டாக்டர் பெர்னெல் இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் பெரிய பங்கு, நாற்பத்தொரு சதவீதம், "காட்ஃப்ரி" என்ற தலைப்பில்.

முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "காட்ஃப்ரின்னா என்ன, ஏதாவது வியாதியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் உளவியல் படித்தவன். வேண்டிய நடத்தைக்குப் பரிசு, வேண்டாததற்குப் பாராமுகம்; புறாவைப் பழக்கும் முறை. இந்தப் பிள்ளைகள் என் முகத்துக்கு நேரே சிரித்துச் சிரித்து என்னைப் பழக்கியிருக்கிறார்கள். எப்போது சிரித்தார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, ஏனோ, நம் கார் துடைப்பான் கதையை அவர்களிடம் சொன்னேன். உங்களுக்குத் தெரியாத கதையல்ல. ஆனால் நான் மிகைப்படுத்துவதாக ரோவினாவிடம் சொல்வீர்கள் என்பதால் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த நேர்காணல் கைவிட்டுப்போன மாலை, அப்போது ரோவினாவுக்கு நிச்சயமாகி மூன்று வாரமே ஆகியிருந்த நீங்கள் என்னை அழைத்துப்போக நார்விச்சிலிருந்து அந்தப் பச்சைக் காரில் வந்தீர்கள். திரும்பும் வழியில் கொட்டும் மழையில் துடைப்பான் நின்றுபோயிற்று. நீங்கள் காலணிக் கயிறுகளை அவிழ்த்துத் துடைப்பானின் இரண்டு பக்கமும் கட்டி, ஒரு முனையை என் ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தீர்கள். "நீ இழு, நான் இழுக்கிறேன்!" தொண்ணூறு மைல் மாற்றி மாற்றி இழுத்தோம். தேநீர்க் கடையில் இறங்கி நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள், கயிறில்லாத உங்கள் இடது காலணி மட்டும் வாசல் மழைக் குட்டையிலேயே நின்றுவிட்டது. கடைக்காரி உங்கள் காலைப் பார்த்து, "ஒத்தைக் காலுக்குப் பாதி விலையா கேக்கறீங்க?" என்றாள்.

பிள்ளைகள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஃபின்லே பாலை மூக்கு வழியாகவே விட்டான். மறுநாள் வேறு மேஜைக்காரர்களும் வந்து, "சார், அந்தக் கயிறு கதை!" என்றார்கள். மறுபடி சொன்னேன். நேற்று கூடத்தில் திரைச்சீலைக் கயிற்றை வைத்துக்கொண்டு நான் உங்களாகவும் ஃபின்லே நானாகவும் நடித்தே காட்டினோம். அந்தச் சிரிப்பெல்லாம் கூலி, மாப்பிள்ளை. எனக்கு வீசிய பிஸ்கட்.

நெரிஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தேன். "என்னைக் கேக்காம என்னை வெச்சு சோதனை பண்ண உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றேன். டாக்டர் பெர்னெல் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். ஒப்புதல் படிவம். அடியில் என் கையெழுத்து. முதல் நாள் கெட்டில் விதிகள், சலவைச் சாவி, வாகன அனுமதி என்று ஏழு தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன், அதில் இது நாலாவதாம். "மால்கம், நீங்க படிக்காம கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார், மிக இனிமையாக. முப்பது வருடமாக அவர் அப்படித்தான் இனிமையாக இருக்கிறார்.

அதே படிவத்தில், பங்கேற்பாளர் விரும்பினால் இன்று மாலை ஐந்து மணிக்குள் தன்னைப் பற்றிய விவரம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. பெற்றுக்கொள்ளப் போகிறேன். நீலக் கோடு போய்விட்டால் அந்தப் பிள்ளைகளின் ஆய்வில் மிஸஸ் ஆக்ராய்ட் மட்டும்தான் மிஞ்சுவார். போகட்டும். என் குறைகள் என் சொந்தச் சம்பாத்தியம். ஒவ்வொன்றையும் பாடுபட்டுச் சேர்த்திருக்கிறேன். பாலைத் துப்பும் ஒரு பையன் சிரித்தான் என்பதற்காக நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று ஒரு சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், அது மன்னிப்பு ஆகாது, பயிற்சி. பயிற்சி பெற்ற புறாவாக உங்கள் வீட்டு விருந்துக்கு வர என் மானம் இடம் தரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. குழந்தை நூறாண்டு வாழட்டும். இமோஜெனுக்கு என் ஆசிகள். ரோவினா காலைக் குளிரில் நடக்க வேண்டாம் என்று சொல்லவும். உங்களுக்கு என் முறையான வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
மால்கம் தோர்ன்லி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. நெரிஸ். பின்னால் ஃபின்லே, கையில் அந்த டிக் கருவி.

"சார், நீங்க பாதியிலயே எழுந்து வந்துட்டீங்க. சோதனை முடிஞ்சா பங்கேற்பாளர்கிட்ட எல்லா உண்மையையும் சொல்லிடணும். அது விதி. சொல்லாம நாங்க வீட்டுக்குப் போக முடியாது."

"இன்னும் என்னம்மா பாக்கி? புறா மாதிரி என்னைப் பழக்கிட்டீங்க. அதுதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புறா நீங்க இல்ல சார்," என்றாள் நெரிஸ். "மிஸஸ் ஆக்ராய்ட். அவங்க புகார் சொல்லாதப்பல்லாம் நாங்க சிரிச்சோம். ஆனா அவங்க புகார் ஏறிட்டே போச்சு. கேக்க ஆள் கெடைச்சாங்கன்னு எங்ககிட்ட உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. சிவப்புக் கோடு மேல போனதை நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. நான் என் கோட்டை மட்டுமே பார்த்தேன்.

"நீங்க ஒப்பீட்டுக்கு வெச்ச ஆள் சார். உங்களை நாங்க எதுவுமே செய்யக் கூடாது. சும்மா எண்ணணும், அவ்ளோதான். சிரிக்கவே கூடாதுன்னு இருந்துச்சு."

மாப்பிள்ளை, நான் முதல் வகுப்பில் தேறியவன். ஓர் ஆய்வில் இரண்டு கோடு இருந்தால் ஒன்று எதுவும் செய்யப்படாத ஆளுடையது என்பது முதல் வாரப் பாடம்.

"சிரிச்சீங்களே?" என்றேன்.

ஃபின்லேயின் காது சிவந்தது. "அடக்கத்தான் சார் பாத்தேன். அதான் மூக்கு வழியா வந்துச்சு. அறிக்கையில அதைப் பிழைன்னு ஒத்துக்கிட்டோம்." தாளை நீட்டினான். தட்டச்சில் இருந்தது: "ஒன்பதாம் நாள், காலை 8.20: பங்கேற்பாளர் 'ஆ' கூறிய கதைக்கு ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டை மீறிச் சிரித்துவிட்டனர்."

"ஆனா சார், நாங்க சிரிச்சது கதைக்கு அப்புறம்," என்றாள் நெரிஸ். "அன்னிக்கு நீங்களாத்தான் ஆரம்பிச்சீங்க. ஏன்னுதான் எங்களுக்குத் தெரியல. என் குறிப்புல எட்டு பத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. 'தபால் வந்தது. ஒரு உறையைப் பிரித்தார். மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டார்.' அதுல என்ன சார் இருந்துச்சு?"

"ஒரு ஞானஸ்நான அழைப்பு."

"யாரோடது?"

"காட்ஃப்ரியோட பேத்தி."

"ஓ," என்றாள் நெரிஸ். "போறீங்களா சார்?"

"அந்த ஆளு என்னைப் புகைப்படக்காரர் பக்கத்துல உக்கார வெச்சார்."

டிக், என்றது ஃபின்லேயின் கை. "மன்னிச்சிடுங்க சார், பழக்கம்," என்றான்.

மணி நாலே முக்கால். விவரத்தை நான் திரும்பப் பெறவில்லை. பிள்ளைகள் கிளம்பிப் போய்விட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் மூன்று தாள் எழுதிவிட்டேன், கையெழுத்தும் நன்றாக வந்திருக்கிறது. தவிர, பதினோராம் மேஜை பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. இன்று தபாலில் சேர்த்தால் நாளைக் காலை உங்களுக்குக் கிடைக்கும்.

ஞாயிறு பத்து நாற்பது ரயிலில் வருகிறேன். காருடன் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மழை என்கிறார்கள். கயிறு நான் கொண்டுவருகிறேன்.