அட்ஜஸ்ட் ஆகாத குச்சி மேடம்

பெங்களூரில் யாரிடம் வேண்டுமானாலும் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் நகர்ந்து உட்காருவார்கள், ஹோட்டலில் எதிர் நாற்காலியைக் கொடுப்பார்கள், மாடிப்படிக்கு அடியில் குடித்தனமே நடத்துவார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்ற அந்த மந்திரத்துக்கு அரை அங்குலம்கூட அசையாத ஒரே ஜீவன் இந்த மாநகரத்தில் உண்டென்றால், அது எங்கள் குச்சி மேடம்தான்.

பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று கணக்குப் போட்டுத் தருகிற கம்பெனி. மேடம் அங்கே கணக்கைச் சரிபார்க்கும் இன்ஜினீயர். அவர் கையெழுத்து விழாமல் ஒரு டிராயிங்கும் படி இறங்காது. எனக்கோ கலர் படம் காட்டி ஆள் பிடிக்கிற வேலை. கீரிக்கும் பாம்புக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

கம்ப்யூட்டரில் தூணும், தூண்களுக்குக் குறுக்கே படுக்கிற பீமும் முதலில் வெறும் கோடுகள்தான். ஒரு பட்டனைத் தட்டினால் கோட்டுக்குச் சதை போட்டு நிஜக் கட்டடம் மாதிரி காட்டும். மேடம் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. “சதையப் பாத்தா புத்தி மயங்கும்” என்பார். எந்த மாளிகையையும் குச்சி குச்சியாகவே பார்த்ததால் அவருக்கு அந்தப் பெயர்.

எங்கள் சண்டைக்குப் பெயர் ஆஃப்செட். கோட்டை நடுவில் வைத்துச் சதை போட்டால் பாதி பீம் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். படம் பார்க்கச் சகிக்காது. பீமை அப்படியே கொஞ்சம் கீழே தள்ளிவிட்டால் தரை வழவழ என்றாகிவிடும். அந்தத் தள்ளலுக்குத்தான் ஆஃப்செட் என்று பெயர். புது இன்ஜினீயர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் தள்ளச் சொல்வேன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேடம் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே ஏற்றியிருப்பார்.

“படத்துக்குத்தானே மேடம்!”

“அது படம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமாடி? கணக்குன்னு நெனச்சுக்கும்.”

ஆஃப்செட் என்றாலே ஆகாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். விவேக் நகரில் ஒரு வீடு. டேப்பும் கையுமாக சைட்டுக்குப் போனவர், தூணுக்கு நடுவில் வர வேண்டிய பீமுக்கு ஓரத்தில் கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

“இத்தினூண்டுதானே மேடம்?”

“உன் தோள்ல மூட்டையை இத்தினூண்டு தள்ளி வச்சா நேரா நிப்பியா நீ?”

கேட்டதோடு விடவில்லை. சிமென்ட் மூட்டையை ஏற்றியும் காட்டினார். மேஸ்திரி ஒரு வாரம் கழுத்தைத் திருப்பவில்லை என்று கேள்வி. ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்த பீமுக்கு அவரே ஆஃப்செட் கொடுத்து, தூணின் கணக்கை முதலிலிருந்து போட்டார். நிஜத்தில் பாரம் எப்படி ஏறுமோ அப்படியே கணக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம்.

அப்புறம்தான் ஹெப்பகோடி கல்யாண மண்டபம் வந்தது. இரண்டு பக்கமும் தடித்த கான்கிரீட் சுவர், நடுவில் தூணே இல்லாமல் நீளமான பீம். என் படத்துக்காகத் தள்ளிய ஆஃப்செட்டோடு யாரோ கணக்கை ஓட்டிவிட்டார்கள். பீமுக்கு வேண்டிய கம்பி பாதியாகக் குறைந்திருந்தது. பாஸுக்கு வாயெல்லாம் பல். மண்டபத்து ஓனரை ஆபீஸுக்கே வரவழைத்து நல்ல செய்தியும் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது மேடத்தின் கையெழுத்து மட்டும்.

“போடமாட்டேன் சார்.”

“ஏன்ரீ, கிளையன்ட் முன்னாடி... ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

“நான் வேணா ஆவேன் சார். பீம் ஆகாது.”

ஓனருக்கு எரிச்சல். “இன்னாம்மா நீ, கம்ப்யூட்டரே சரின்னு சொல்லுது, நடுவுல உனுக்கு இன்னா?”

மேடம் ஓனர் தோளில் கிடந்த பட்டுத் துண்டை உருவினார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு முனையை ஓனர் கையிலும் மறுமுனையை பாஸ் கையிலும் கொடுத்து, “நல்லா இழுத்துப் புடிங்க” என்றார். நடுவில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தார். விழாமல் நின்றது.

“பீமைக் கீழ தள்ளினதால, ரெண்டு சுவரும் இப்படி இழுத்துப் புடிச்சிருக்குன்னு கம்ப்யூட்டர் நம்புது. அதான் கம்பியக் குறைக்குது. நெசத்துல சுவரு துளி விட்டுக் குடுத்துச்சுன்னா?” என்று பாஸின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டில் விழுந்தது, மூடி கழன்றது, என் கலர் படங்களுக்கெல்லாம் அபிஷேகம் நடந்தது.

பாஸ் கத்தினார். “சைன் போடுங்க, இல்லைனா நாளையிலேருந்து வராதீங்க!”

மேடம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.  

“வரலை சார். அந்த பீமுக்குக் கீழ பொண்ணு மாப்பிள்ளை நிப்பாங்க. எதிர்ல ஊரே உக்காந்திருக்கும். நான் போடமாட்டேன்.”

ஓனர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. உன் படம் நெசமா?”

அத்தனை நாள் சண்டையும் எனக்கு நினைவில்தான் இருந்தது. ஆனாலும், “படம் அழகு சார். நம்பணும்னா மேடத்தை நம்புங்க” என்றேன். என் அட்டையையும் கழற்ற வேண்டியதுதான் என்று கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

ஓனர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எம் பொண்ணு கல்யாணந்தான் அங்க மொதல்ல. இந்தம்மா கையெழுத்து இருந்தா கட்றேன். இல்லைனா வேற ஆளப் பாக்குறேன்.”

பாஸ் அந்த அட்டையை ஒற்றை விரலால் தள்ளித் தள்ளியே மேடத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மன்னிப்பா? மூச்! மேடமும் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்து ஆஃப்செட்டை எடுத்துவிட்டு, கணக்கை மறுபடி ஓட்டி, கம்பியைக் கூட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இப்போது அவர் வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் யாரையாவது அழவைத்துக்கொண்டிருப்பார். நன்றாக அழட்டும். அவரால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் அண்ணாந்து பீமைத்தான் பார்க்கிறேன். ஹெப்பகோடி மண்டபத்தில் மட்டும் பார்ப்பதில்லை. போன முகூர்த்தத்தில் என் மகள் அந்த பீமுக்கு நேர் கீழே, ஜமக்காளத்தில் படுத்துத் தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை.