சீரோ அண்ணன்

ஹட்டனில் கொத்து ரொட்டிக்கு சீரோ கொடுத்துவிட்டு, அதைப் பாராட்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சீரோ அண்ணன்தான்.

பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சிறிய கணினி அலுவலகத்தில் அவர் மூத்தவர். ஒரு நிரல் ஓடி முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். சீரோ என்றால் எல்லாம் சுகம். வேறு எண் என்றால் கோளாறு. அண்ணனுக்கு உலகமே அப்படித்தான்.

"கொத்து எப்படிங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சீரோங்க!"

அதற்குப் பிறகு எங்கள் பார்சலில் குழம்பு குறைந்துபோனது.

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்க அவர் எழுதிய நிரல் ஓடியது. ஒருநாள் அங்கே கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா போனில் அழுதார்.

"அந்திக்குக் கடைசியா நிறுத்த கொழுந்து மெசின்ல இல்லீங்க தம்பி. நான் பொய் சொல்றேன்னு கண்டாக்கையா ஏசுறாரு."

அண்ணன் உடனே பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன்.

தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையா திரையைக் காட்டினார். "சீரோன்னுதானே இருக்கு? சீரோன்னா மெசின் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணனின் முகம் வாடியது. செல்வி அக்காவின் சாக்கைத் தராசில் வைக்கச் சொன்னார். எடை திரையில் வந்தது. அந்தியில் வேலை முடிந்ததும் செய்வதுபோல் கணினியை நிறுத்தி மீண்டும் போட்டார். எடையைக் காணோம். சீரோ மட்டும் சிரித்தது.

எங்கள் அலுவலகத்து லினக்ஸ் கணினி, நிறுத்தும் முன் நிரலுக்கு ஒரு சமிக்ஞை கொடுக்கும்; நிரல் கையிலிருப்பதைச் சேமித்துவிட்டு விடைபெறும். தோட்டத்தில் இருந்தது விண்டோஸ். அது வேறு விதமாகச் சொல்லும். எங்கள் நிரலுக்கு அது கேட்காது. கேட்காத நிரலைக் கணினி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். உள்ளே எது செத்தாலும் கடைசியில் சீரோ என்று காட்டும்படி எழுதிவைத்தவர் அண்ணனேதான்.

"அக்கா பொய் சொல்லலீங்க ஐயா. நான் எழுதினதுதான் பொய் சொல்லிருக்கு," என்றார் எல்லோர் முன்னாலும்.

கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி செல்வி, ஒன் கொழுந்தைச் சேர்த்துக்கிறேன்," என்றார்.

எடை விழுந்த கணமே சேமிக்கவும், விண்டோஸ் சொல்வதைக் கேட்கவும், தவறினால் சீரோ சொல்லாதிருக்கவும் அங்கேயே உட்கார்ந்து நிரலை மாற்றினார். சரிபார்க்க அவர் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதைப் பார்த்துப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். செல்வி அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், "அந்த அக்காவைப் பொய்க்காரியாக்கப் பாத்தேனேடா," என்று முனகியபடியே தூங்கிப்போனார். அவர் தலை என் தோளில் சாய்ந்தது. ஹட்டன் வரும்வரை நான் அசையவே இல்லை.