பச்சையம்மாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

அங்காளம்மன் துணை

கள்ளக்குறிச்சி

அன்புத் தம்பி தனசேகரனுக்கு அக்கா ஜெயசுதா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் மகன் இளஞ்செழியன் என்னைக் கொன்றுவிட்டான். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் கடிதம்.

காலேஜுக்காக என் வீட்டில் தங்கியிருக்கும் உன் பிள்ளை, ஞாயிறுதோறும் சிநேகிதர்களோடு ஒரு விளையாட்டு ஆடுகிறான். ஆளுக்கொரு வேஷம், இவன் கதை சொல்வான், பல முகக் கட்டையை உருட்டி விழுகிற எண்ணைப் பார்த்து வெட்டு, குத்து, காயம் எல்லாம் முடிவாகும். ஆள் கம்மி என்று என்னையும் உட்கார வைத்தான். நான் கல்வராயன் மலை வைத்தியச்சி, பேர் பச்சையம்மாள். யாருக்கு எங்கே காயம், எந்தத் தழை மிச்சம் என்று வீட்டுக் கணக்குப் போலச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டேன். கூட ஆடும் வெள்ளிமலைப் பையன் அஜயை எத்தனை தடவை பிழைக்க வைத்திருப்பேன்! இந்த வாரம் குகையில் கரடி என்மேல் பாய்ந்தது, நான் உருட்டிய கட்டையில் ஒன்று என்ற எண் விழுந்தது, உன் பிள்ளை, "செத்துட்டீங்க அத்தை, அடுத்த வாரம் வேற ஆளு எழுதிக்கினு வாங்க" என்கிறான். ஒரு ஐயோ கிடையாது. அந்த அஜய் இன்னா சொன்னான் தெரியுமா? "ஆன்ட்டியோட மருந்துப் பை எனக்கு." அப்புறம், "ஆன்ட்டி, பஜ்ஜி இன்னும் இருக்குதா?" பொணத்துகிட்டயே கேக்குறான்டா!

சாவு விழுந்த வீடு என்று அடுப்பை அணைத்தேன், சாமி விளக்கும் ஏற்றவில்லை. உன் மாமா புரோட்டா கட்டிக்கினு வந்து, "செத்தவளே தீட்டு காக்குறத இப்பதான்டி பாக்குறேன்" என்று சிரித்தார். "வேற யாரு காக்குறாங்க இங்க?" என்றேன். சிரிப்பு நின்றது.

போன வருஷம் வயிற்றில் கட்டி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உன் நைனார்பாளையத்திலிருந்து ஒரே பஸ்தான், நீ வரவில்லை. "நடவு ஓடிக்கினு இருக்குக்கா" என்றாய். நான் பிழைத்துவிடுவேன் என்று உனக்கு அவ்வளவு நம்பிக்கை. சரி, இப்போது செத்தாச்சு. பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தூக்கக் கூடாது. பச்சையம்மாளுக்குப் பிறந்த வீடு நான்தான், எனக்கு நீதான். நீ புடவையோடு வரும்வரை அவள் குகையில் கிடப்பாள், உன் பிள்ளைக்குப் புரோட்டாதான்.

நீயும் உன் மனைவி மக்களும் நூறு வயது இருங்கள். எனக்குக் கொடுக்காததை அங்காளம்மன் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற அக்கா ஜெயசுதா

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் இளஞ்செழியன் ஓடி வந்தான். விதியைத் தப்பாகப் படித்துவிட்டானாம். அப்படி விழுந்தால் சாவில்லை, மயக்கம்தான், பக்கத்தில் இருப்பவர் தூக்கினால் பிழைக்கலாமாம். மறுபடி ஆடினோம். அஜய் தூக்கினான். பையையும் கொடுத்துவிட்டான். பச்சையம்மாளுக்கு ஒரு கால் மட்டும் போச்சு. அடுப்பு மூட்டியாச்சு. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லை, அனுப்புகிறேன். கோடி வேண்டாம். காயம் பட்டவளைப் பார்க்க ரொட்டியும் பழமும் போதும். நடவு முடிந்திருக்கும்தானே?