ஏழாவது பக்கிள்

மூக்கு அரித்தது.

சாதாரண நாளாக இருந்தால் இதில் சொல்ல ஒன்றுமே இல்லை. கை போகும், சொறியும், திரும்பி வரும். ஆனால் அன்று காலை பதினொன்றே காலுக்கு, அட்டைக்காரரின் இரண்டு கைகளும் முதுகுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு முன்னால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. அவர் போட்டிருந்தது அறுநூறு வருடத்துக் கவசம். அறுநூறு வருடம் என்பது மூலக் கவசத்தின் வயது. இவர் போட்டிருந்த நகல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அட்டைக்காரர் என்றால், அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் நான்கு வரியில் ஒரு அட்டை இருக்குமல்லவா, அதை எழுதுகிறவர். "மண் ஜாடி. எண்ணெய் வைக்கப் பயன்பட்டிருக்கலாம்" என்கிற மாதிரி. இருபத்திரண்டு வருடமாக அந்த 'லாம்' போட்டுப் போட்டு அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு பொருளைப் பற்றியாவது 'லாம்' இல்லாமல் எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அதற்கு அவர் பிடித்த பொருள்தான் இரண்டாம் மாடிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கவசம். கனமான தோல் சட்டை. உள்பக்கம் முந்நூற்று நாற்பது சின்ன இரும்புத் தகடுகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்திருக்கும். பதினான்கு கிலோ.

கவசத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டபோது இயக்குநர் சொன்னார்:

"முப்பது வருஷமா அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. திறக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும். அதுல ஒருத்தர் காலமாயிட்டார்."

"அவருக்குப் பதிலா..."

"அவருக்குப் பதிலா யாருன்னு முடிவு பண்ணவும் அவர் கையெழுத்து வேணும்."

ஆகவே அட்டைக்காரர் வெளியிலிருந்தே அளந்தார். பெட்டி சுவரை ஒட்டி நின்றது. முன்பக்கத்தைக் கண்ணாடி வழியாக நூல் பிடித்து அளந்துகொண்டார். சுவர்ப் பக்கம் எப்படித் தெரியும்? பெட்டியின் பக்கப் பலகையில் கரையான் தயவால் ஒரு ஓட்டை இருந்தது. பல் மருத்துவரான மைத்துனனிடம், கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கி, தரையில் குப்புறப் படுத்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்க் காசு அளவு கவசம் தெரியும். அப்படிப் பதினொரு மாதம்.

அவர் படுத்திருக்கும்போது அந்த மாடியைப் பெருக்குகிற அம்மா, துடைப்பத்தோடு சுற்றிக்கொண்டு போவார்.

"என்ன சார் தேடுறீங்க? ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"வரலாறும்மா."

"கண்ல பட்டா சொல்றேன் சார். பெருக்கித் தள்ளிடாம எடுத்து வைக்கிறேன்."

குட்டிக் கண்ணாடியில் தெரிந்தவை எல்லாமே விசித்திரமாக இருந்தன. கவசத்தைப் பூட்டுகிற ஏழு பக்கிள்களும் முதுகில் இருந்தன. முதுகுப் பக்கம் கழுத்து நன்றாக இறங்கியிருந்தது. முன்பக்கமோ தொண்டைவரை ஏறியிருந்தது. முதுகின் அடிப்பகுதியில் ஒரு புடைப்பு. அட்டைக்காரர் எதற்கும் கலங்கவில்லை. எதிரிக்குப் புறமுதுகு காட்டாதவனுக்குப் பக்கிளை மறைக்க வேறு நல்ல இடம் கிடையாது என்று ஆறு பக்கம் எழுதினார். புடைப்பு தண்ணீர்ப் பை வைக்க என்று பதினான்கு பக்கம். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கவசத்தின்மேல் தூசியே இல்லாமல் இருந்ததைக் கவனித்து, அந்தக் காலத்துத் தோல் பதனிடும் முறைக்குத் தூசியைத் தானாக உதறும் சக்தி இருந்தது என்று மூன்று பக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீரன் இதைத் தன்னந்தனியாகப் போட்டுக் கழற்ற முடியும் என்பது அவர் கட்சி. ஆளுக்கு இரண்டு பணியாட்கள் இல்லாமல் முடியவே முடியாது என்று தடிமனான புத்தகம் எழுதியிருந்தார் பெரிய பேராசிரியர். அன்று மாலை மூன்றரைக்கு வரலாற்றுச் சங்கக் கூட்டத்தில், பேராசிரியர் முன்னாலேயே அட்டைக்காரர் நிரூபித்துக் காட்ட வேண்டும்.

"நிரூபிச்சிட்டீங்கன்னா ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்துடுங்க" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். "இல்லேன்னா அட்டையையாவது எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க."

அதற்கான ஒத்திகைதான் காலையில் நடந்தது. கவசத்துக்குள் நுழைந்ததுமே தோள்பட்டை இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துவிட்டது. 'ஆஹா' என்றார் அட்டைக்காரர். பக்கிள் முதுகில் இருக்கிறது, கையும் முதுகுக்கே வந்துவிடுகிறது! என்ன ஒரு திட்டம்! ஒன்பது நிமிடத்தில் ஏழு பக்கிளையும் ஒற்றை ஆளாகப் பூட்டிவிட்டார். வரலாறு அந்த அறையில் ஒன்பது நிமிடம் நின்று பார்த்தது. பிறகுதான் மூக்கு அரித்தது.

கழற்றப் பார்த்தார். பழைய சுவடி ஒன்றில் சொன்னபடி தோலை முந்தின நாள் ஊறப்போட்டிருந்தார். அது இப்போது காய்ந்து, சுருங்கி, வார்களைப் பக்கிளோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

சரி, மூக்கையாவது கவனிப்போம் என்று அலமாரிக் கைப்பிடியில் போய்த் தேய்த்தார். மூக்குக்குச் சுகமாகத்தான் இருந்தது. நிமிரும்போது தோள்வார் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். கைப்பிடி திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவர் தோளில் பதக்கம் மாதிரி தொங்கியது.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து மனைவி வந்தார். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை. ஆராய்ச்சி."

"அலமாரிக் கைப்பிடி எங்க?"

"என் தோள்ல இருக்கு. அதை விடு. மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

மனைவி சொறிந்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார். தையல்காரி பார்க்கிற பார்வை வேறு.

"இதோ பாருங்க, கழுத்து இறக்கம் முதுகுக்குப் போயிருக்கு. கை வெட்டும் சரியில்லை. இதை எவன் தச்சான்? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"இது ஜாக்கெட் இல்லை. போர்க்கவசம்."

"போருக்குப் போறவனுக்கும் கை முன்னாலதானே இருக்கும்?"

"உனக்கு வரலாறு தெரியாது."

"உங்களுக்குச் சட்டை போடத் தெரியலை" என்று சொல்லிவிட்டு, தையல் மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயை எடுத்து வந்து ஏழு பக்கிளிலும் விட்டார். வார் நகரவில்லை. வாரைப் பிடித்த விரல்கள்தான் வழுக்கி வழுக்கி நகர்ந்தன. கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டிடவா?"

"பதினொரு மாசம்!" என்று அலறினார் அட்டைக்காரர். "இதை வெட்டினா பேராசிரியர் என்னை வெட்டிடுவார். உன் தம்பியைக் கூப்பிடு. பக்கிள் முள்ளைப் பல்லுன்னு நினைச்சுக்கட்டும்."

பக்கத்துத் தெருவிலிருந்து மைத்துனன் குறடோடு வந்தான். முதுகுப் பக்கம் மண்டி போட்டு, ஆறாவது பக்கிளின் முள்ளைக் குறடால் பிடித்தான்.

"ஆ காட்டுங்க, மாமா."

"எதுக்குடா?"

"பழக்கம்." கறக் என்றது. "வந்துடுச்சு!"

"பக்கிளா?"

"முள்ளோட நுனி. பக்கிள் அங்கயேதான் இருக்கு. இனிமே அது திறக்காது மாமா, வேர் வார் ஓட்டைக்குள்ளயே சிக்கிக்கிச்சு. கவலைப்படாதீங்க, ஏழாவதையும் பார்த்துடறேன்."

"வேண்டாம் மாப்ளே..."

கறக்.

மணி ஒன்றரை. கடைசியாக, தகடுகளை வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரரை வரவழைத்தார்கள். கிரில் கேட் செய்கிறவர். அவர் கவசத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியாக நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நம்ம வேலை, சும்மா சொல்லக்கூடாது. எத்தனை வருஷம் ஆனாலும் கழண்டு வராது."

"இப்ப கழண்டு வரணும்யா!"

"அப்படின்னா கட்டர் போடணும். பொறி பறக்கும். உள்ளே ஆள் இருக்கக்கூடாது."

"உள்ளேதான்யா நான் இருக்கேன்."

"அதான் சார் யோசிக்கிறேன்."

அட்டைக்காரரும் யோசித்தார். தனியாகப் போட்டது உண்மை. அதற்கு அலாரம் கடிகாரம் சாட்சி. கழற்றுவதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்துவிட்டால் ஆராய்ச்சிப் பிரிவு. நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் மறுபடி ஒரு வாய்ப்பு வராது. "கிளம்புவோம்" என்றார்.

காரில் ஏற முடியவில்லை. குனிந்தால் வயிற்றுப் பக்கத் தகடு தொடையில் குத்தியது. உட்காரவும் விடவில்லை. பட்டறைக்காரரின் சின்ன லாரியில், டெலிவரிக்குப் போகிற இரண்டு கிரில் கேட்டுகளுக்கு நடுவே அவரை நிற்கவைத்துக் கயிறு போட்டார்கள். கை இரண்டும் பின்னால், நெஞ்சு முன்னால், தோளில் அலமாரிக் கைப்பிடி. போக்குவரத்து சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர், "எங்கே கொண்டு போய் வைக்கப் போறீங்க சிலையை?" என்று விசாரித்தார். "மியூசியத்துல" என்றார் பட்டறைக்காரர். அந்த நேரம் பார்த்துச் சிலை தும்மியது. ஸ்கூட்டர்க்காரர் பச்சை விழுவதற்கு முன்பே போய்விட்டார்.

கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் பெரிய பேராசிரியர், மடியில் தன் புத்தகத்தோடு. பக்கத்தில் இயக்குநர், கையில் பேனாவோடு. இரண்டாம் வரிசையில் மனைவியும் மைத்துனனும். பெருக்குகிற அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

அட்டைக்காரர் பேசினார். நன்றாகவே பேசினார். புறமுதுகு, தண்ணீர்ப் பை, தூசி உதறும் தோல் எல்லாம் வந்தன. "ஒன்பதே நிமிடத்தில், யார் உதவியும் இல்லாமல், நானே பூட்டினேன்" என்று முடித்தபோது சிலர் கைகூடத் தட்டினார்கள்.

பேராசிரியர் கடைசி மிடறு டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"தனியாப் போட்டீங்க. ஒத்துக்கறேன். கழட்டுங்க."

இரண்டாம் வரிசையில் மைத்துனன் குறடைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"வீரன் கவசத்தைக் கழட்டறதில்லை ஐயா" என்றார் அட்டைக்காரர். "வெற்றி கிடைக்கிறவரைக்கும்."

"சரி. சண்டை போட்டாவது காட்டுங்க." பேராசிரியர் தன் குடையை நீட்டினார். அட்டைக்காரர் திரும்பி நின்று அதை வாங்கிக்கொண்டார். குடை அவர் முதுகுக்குப் பின்னால் கம்பீரமாக ஆடியது.

"எதிரி எங்கே நிப்பான்?"

"பின்னால."

"புறமுதுகே காட்டமாட்டான்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது... முகத்தை மட்டும் திருப்பி வச்சிருப்பான்."

அரங்கம் சிரித்தது. பட்டறைக்காரர்கூடச் சிரித்தார். தான் செய்த கவசம் என்பதால் உடனே நிறுத்திக்கொண்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இயக்குநர் பேனாவைத் திறந்து எதையோ எழுதத் தொடங்கினார். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் 'அட்டை' என்கிற மாதிரித்தான் தெரிந்தது.

அட்டைக்காரருக்கு மறுபடியும் மூக்கு அரித்தது. கண்ணில் நீர் வந்தது. அது அரிப்பினால் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று நின்றார்.

"இங்க பாருங்க" என்றார் பேராசிரியர், குரலைக் கொஞ்சம் இறக்கி. "உங்க ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனா முப்பது வருஷம் படிச்சவன் சொல்றேன். அந்தக் கவசத்தை ஒரே ஆள், யார் ஒத்தாசையும் இல்லாம, தானாப் போட்டுத் தானாக் கழட்டினதுக்கு ஒரு சாட்சி காட்டுங்க. ஒரே ஒரு சாட்சி போதும். இந்தப் புத்தகத்தை நானே இங்கயே கிழிச்சுப் போடறேன்."

காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே வந்த பெருக்குகிற அம்மா, அட்டைக்காரருக்குப் பின்னால் வந்ததும் நின்றார். குனிந்து, அந்தத் தண்ணீர்ப் பைப் புடைப்பை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார்.

"இதுக்குப் போய்ச் சாட்சியா சார்? வாரா வாரம் லீவு நாள்ல, திங்கக்கிழமை, நான் ஒருத்தியாத்தான் பெட்டிக் கொண்டியைத் தூக்கி, தூக்கிட்டுப் போகக் கனமா இருக்கேன்னு இதை உடம்புல மாட்டிக்கிட்டே போய் மொட்டை மாடி வெயில்ல நின்னு தூசி தட்டிட்டு வந்து, நானே கழட்டியும் வைக்கிறேன். என்ன, மாட்டுறப்போ பக்கிள் எனக்கு நெஞ்சுப் பக்கம் இருக்கும், பெட்டியில வைக்கிறப்போதான் பார்க்க அசிங்கமா இருக்குன்னு சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிடுவேன்."