எதிரே வருவதை மட்டும் பார்க்காத ஆண்டெனா

கொழிஞ்சாம்பாறை,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய ஞானஜோதி மாமாவுக்கு ஆர்த்தி வணக்கம் சொல்லி எழுதுவது.

முதலில், கடிதம் எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் தேயிலை ஃபேக்டரிச் சத்தத்துக்கு நடுவில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, "என்னத்தா, சத்தமாச் சொல்லு" என்பீர்கள். சத்தமாகச் சொல்லப் போனால் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடும். அத்தை நலம் என்று அம்மா சொன்னார். அதனால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நானும் நலம். அங்கே ஏலப்பாறை மழையில் மூன்று நாள் காயாத துணி இங்கே குளித்து வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. அதில் எனக்குத் தினமும் ஒரு சந்தோஷம்.

என் வேலை என்ன என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், இரண்டு முறையும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளி. மொத்தம் இரண்டே விமானம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். பள்ளியை நடத்துவதும் விமானம் ஓட்டுவதும் மோகனசுந்தரம் சார். பழுதுபார்க்கும் பக்கம் நான் பயிற்சியில் இருக்கிறேன். பக்கத்தில் வேறு விமானம் வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி ஒன்றை, விமானத்துக்கு ஒன்றாக, சார் வாங்கினார். மலைப்பாதை வளைவில் அப்பா ஜீப்பில் ஹாரன் அடிப்பார் இல்லையா, அதேதான்; இது ரேடியோவில் அடிக்கும் ஹாரன். இரண்டு விமானத்திலும் இருந்தால்தான் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். முதல் விமானத்தில் அதன் ஆண்டெனாவை ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் பொருத்தும் வேலையை என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை ஜோபி சார் என்ற இன்ஜினியர் வந்து சரிபார்ப்பதாக ஏற்பாடு, அவர் சரி என்றால் எனக்கு வேலை நிரந்தரம்.

ஆண்டெனா என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம் மாமா, விரல் நீளம்தான். ஆனால் புது மாப்பிள்ளையைப்போல அதற்கு ஆயிரம் நிபந்தனை. நேராக நிற்க வேண்டும், பக்கத்தில் உலோகம் கூடாது, திசைகாட்டி அருகே போகக் கூடாது, விமானியின் பார்வையையும் மறைக்கக் கூடாது. நான் முதலில் வைத்த இடத்தில் திசைகாட்டியின் வடக்கு கோயம்புத்தூர் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டாவது இடத்தில், சார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தூணுக்குப் பின்னாடி உக்காந்து கல்யாணம் பாக்கற மாதிரி இருக்குதுங் அம்மிணி" என்றார். மூன்றாவதாக, முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, அதற்குள் வைத்தேன். பிளாஸ்டிக் ரேடியோவை மறைக்காது. அதற்காக நான் தலைகீழாகக் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைத்தடவலாகத் திருகிக்கொண்டிருந்தபோது பள்ளியைப் பார்க்க ஒரு குடும்பமே வந்துவிட்டது. எழுந்து வணக்கம் சொல்ல வெட்கப்பட்டு, அவர்கள் போகும்வரை இரண்டு காலும் வெளியே நீட்டியபடி அசையாமல் கிடந்தேன். "ஆளு இருக்குதுங்களா, பொம்மைங்களா?" என்று ஒரு அம்மா கேட்டதும் காதில் விழுந்தது.

பிறகு சோதனை. இரண்டாவது கருவியை பேட்டரியோடு சார் தம்முடைய டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தார். நான் விமானத்துக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு விவசாயி, "ஏனுங்க, வண்டில ஏரியலக் கட்டிட்டுச் சுத்தறீங்க, டிவி பாக்கறீங்களாக்கும்?" என்று கேட்க, சார், "இப்போதைக்கு இது வண்டியில்லீங்க, ஏரோப்ளேனுங்க. கொஞ்சம் வெலகிக்குங்க" என்றிருக்கிறார். பின்னால் வந்தபோது கருவி அவரைக் காட்டியது. பக்கவாட்டில் வந்தபோதும் காட்டியது. நேர் எதிரே வந்ததும் ஆளைக் காணோம். எத்தனை முறை சுற்றினாலும் அப்படியே. "முடிஞ்சு போனதையெல்லாம் புட்டுப் புட்டு வெக்குது, எதுத்தாப்ல வர்றதுக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது. நம்ம சங்கத்து மீட்டிங்கேதானுங்" என்று சார் வண்டியை நிறுத்திவிட்டார். நான் கம்பியை மாற்றினேன், திருகை மாற்றினேன், அழுகையும் வந்தது. கடைசியில் செல்போன் கேமராவை மூடிக்குள் விட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். ஆண்டெனாவுக்கு முன்னால், மூடியின் உள்பக்கம், மஞ்சள் குங்குமத்தோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு.

ஆமாம் மாமா. எஸ்டேட் கோயிலில் நீங்கள் பூஜை செய்து அம்மாவுக்குக் கொடுத்த தகடுதான். ஆயுதபூஜைக்கு அம்மா இங்கே வந்திருந்தபோது, எல்லோரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே ஏறி ஒட்டியிருக்கிறார். மோதாமல் காப்பாற்றும் கருவியின் கண்ணை, மோதாமல் காப்பாற்றும் தகடு மறைத்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது எங்கண்ணன் கையால குடுத்தது. அவுக சொல்லாம அத அசைக்கப்பிடாது. தகட்ட எடுத்தேன்னு வையி, அன்னைக்கே வந்து ஒன்னையும் எடுத்துட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அம்மா சொன்னால் செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். சாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு விமானத்தைக் கும்பிடுகிறார். "சாமி சமாச்சாரமுங் அம்மிணி. எனக்கு ஏரோப்ளேன் ரெண்டு இருக்குது, உசுரு ஒண்ணுதானுங்."

ஆகவே விமானம் கொட்டகையிலேயே நிற்கிறது. தகடு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. உங்கள் வாக்கு வரும்வரை யாரும் அதைத் தொடப் போவதில்லை. நான் இதை உங்களிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை, தகவலுக்காகத்தான். வேலை போனால் போகட்டும், பெரியவர்கள் மனம் நோகக் கூடாது. அத்தைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் மழையில் நனையாமல், முழங்கால் வலி இல்லாமல், நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை மீறாத
ஆர்த்தி

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் கடைசிப் பத்தி மட்டும் உண்மை இல்லை. தகட்டை நேற்றே எடுத்துவிட்டேன். குளித்துவிட்டுத்தான் எடுத்தேன். இருக்கைக்குப் பின்னால் பை வைக்கும் இடத்தில், கிழக்குப் பார்த்து, பூ வைத்து ஒட்டியிருக்கிறேன். அதன் பிறகு சாரின் டிவிஎஸ் எந்தத் திசையில் வந்தாலும் கருவி அலறுகிறது. ஜோபி சார் சனிக்கிழமைவரை காத்திராமல் இன்று காலையே வந்து, பார்த்து, "கொள்ளாம் கேட்டோ" என்று மலையாளத்தில் பாராட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வேலை நிரந்தரம். அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்கு அம்மா அங்கே வருவார், உங்களிடம் கட்டாயம் கேட்பார். தகட்டைப் பின்னால் மாற்றச் சொன்னதே நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மாமா. சாமி முன்னால் நின்று சொல்ல வேண்டாம். அம்மாவை டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னால் போதும்.